பனியில் ஒற்றை ஆள்

மார்கழி விடியலில் மடத்துக்குளம் ஆற்றுப் பாலத்தில் நின்றால் கீழே அமராவதி தெரியாது, பனிதான் தெரியும். தலைத்துண்டைக் காதோடு சுற்றிக் கட்டிய ஒருவர் கரும்புக்குத் தண்ணீர் கட்ட வரப்பில் போவார். சோகையில் கோத்து நிற்கும் துளி அவர் வேட்டியை முழங்கால்வரை நனைத்துவிடும். ரோட்டோரத்தில் மில் வண்டிக்காகப் பெண்கள் நிற்பார்கள். "பனி உழுகுது கண்ணு, காதைக் கட்டிக்க" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருப்பார்கள்.

புல் நுனித் துளியும் பனி, பாலத்தை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். வெண்பனிக் காட்டில் தனியாக நடந்து, அந்தத் தனிமையைத் தானே எழுதுவது மேற்கில் ஒரு வகை. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'குளிர்கால நடை' கட்டுரை வந்தது 1843இல். தமிழில் அது இல்லை, ஏனென்றால் இங்கே பனிக்காடு இல்லை என்று முடித்துவிடுவது சுலபம். நான் ஒப்பமாட்டேன். நடை நம்மிடம் உண்டு. அதைச் சொல்கிற வாய்தான் வேறு.

சங்கப் பாட்டில் குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். நம் கணக்கில் ஐப்பசி முதல் தை வரை, நடுராத்திரி. இரவுக்குறிக்கு, அதாவது தலைவியை இரவில் ரகசியமாகச் சந்திக்க, தலைவன் வருவது அப்போதுதான். தனி ஆள், கையில் வேல், வழுக்குப் பாறை, யானையும் புலியும் திரியும் தடம். ஆனால் அந்த வழியின் கொடுமையை அவன் வாயால் கேட்பது அரிது. தோழி சொல்கிறாள், தலைவி சொல்கிறாள். வீட்டில் கிடந்து உறங்காதவள் அவன் நடந்த ஒவ்வொரு அடியையும் மனத்தில் நடந்து பார்க்கிறாள். 'இந்த வழியில் வராதே' என்ற பயத்துக்குள் 'சீக்கிரம் கல்யாணத்தை முடி' என்ற நெருக்கலும் இருக்கிறது. தோரோவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவருக்காக யாரும் கதவடியில் காத்திருக்கவில்லை.

பெரியபுராணத்தில் அப்பர் கயிலைக்குப் போகிறார். காசிக்கு அப்பால் தனி நடை. பாதம் தேய்கிறது, கையால் ஊர்கிறார், மார்பால் நகர்கிறார், கடைசியில் புரள்கிறார். பனிமலையை அவர் எட்டவேயில்லை. அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகிறார். தமிழில் இதைவிடக் கடுமையான மலைநடை எனக்குத் தெரியாது. அதையும் சொன்னவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த சேக்கிழார்.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தவர்களே எழுதத் தொடங்கினார்கள். வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழி நடைப்பயணம் 1942இல் போருக்குத் தப்பிய அகதிகளின் நடை. தனிமைக்கு அதில் இடமில்லை. காட்டில் தனியே அலைந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்த தியடோர் பாஸ்கரன் இதே அமராவதிக் கரைத் தாராபுரத்தில் பிறந்தவர். இருவரிடமும் பறவையும் விலங்கும் முன்னே நிற்கும். நடந்த ஆள் ஒதுங்கிக்கொள்வார். ஜெயமோகனின் 'காடு' நாவலில்தான் இரவுக்குறித் தலைவன் வாய் திறக்கிறான்: கிரிதரன் தன் மலையலைச்சலைத் தானே சொல்கிறான், கூடவே குறிஞ்சி பாடிய கபிலரும் வருகிறார். உண்மையான வெண்பனியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' போன்ற நாவல்களில் குளிர் என்பது எல்லை தாண்டுகிறவனின் குளிர்.

ஒரு குரல் மட்டும் இன்னும் வரவில்லை. மடத்துக்குளத்திலிருந்து தெற்கே தெரிகிற மலையில் குழிப்பட்டி, மாவடப்பு, குருமலை, தளிஞ்சி என்று குடியிருப்புகள் இருக்கின்றன. புலையரும் முதுவரும் அங்கிருந்து காட்டுத்தடத்தில் இறங்கி ஏறுகிறார்கள், மார்கழியிலும்தான். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தால் நாளிதழில் நாலு வரி வரும். அந்த நடையைப் பற்றி அச்சில் வருவது பெரும்பாலும் அவ்வளவுதான். அதையும் அடிவாரத்தில் இருப்பவர்தான் எழுதுகிறார். உடுமலைக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இரவுக்குறித் துறையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாமான் வாங்க அந்த மக்கள் கீழே இறங்கி வரும் நாளில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வந்த வழியைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.