ஞானஸ்நானம்: சீர்திருத்த மரபுகளும் போதனையின் தரமும்

கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்னும் உபதேசத்தில் சீர்திருத்தத் திருச்சபைகள் பெரும்பாலும் ஒருமனப்பட்டிருந்தும், அந்த விசுவாசத்துக்கும் ஞானஸ்நானத் தண்ணீருக்கும் உள்ள உறவு யாது என்ற கேள்வியில் அவை ஒரே தலைமுறைக்குள் பிரிந்துபோனதைச் சங்கத்தார் அறிவர். ஆதலால் விட்டன்பர்க், சூரிச், ஜெனீவா மரபுகளின் வரலாற்றை முதலிலிருந்து விரிக்காமல், அவை பிரிந்த இடத்தை மட்டும் இக்கட்டுரை நோக்குகிறது.

சூரிச்சில் சுவிங்லி, ஞானஸ்நானம் இரட்சிப்பை அளிப்பதன்று, விருத்தசேதனத்தைப் போல உடன்படிக்கையின் அடையாளமே என்று போதித்தார். அது அடையாளமேயானால் விசுவாசத்தை அறிக்கையிடக் கூடியவருக்கே தரவேண்டும் என்று அவருடைய வட்டத்திலிருந்தே எழுந்த கொன்ராட் கிரேபெலும் அவருடைய தோழரும் 1525 ஜனவரி 21 அன்று ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டனர். மறுஞானஸ்நானக்காரர் என்று பெயரிடப்பட்ட இவர்களுள் பெலிக்ஸ் மான்ஸ், 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அது சீர்திருத்தத்தின்மேல் படிந்த கறை என்பதை எந்த மரபினரும் மறைக்கலாகாது. ஜெனீவாவின் கால்வின், குழந்தைகளும் உடன்படிக்கைக்கு உட்பட்டவர்களே என்று சுவிங்லியின் வழியைச் செம்மைப்படுத்தி, ஞானஸ்நானத்தை வாக்குத்தத்தத்தின் முத்திரை என்றார்.

விட்டன்பர்க்கில் லுத்தர் தந்த போதனை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. சங்கத்தின் மூத்தோர் அதனைப் பேணிக் கற்பித்ததால் இங்கே சற்று நின்று பேசுவது கடமையாகும். ஞானஸ்நானம் மனிதன் தேவனுக்குச் செய்யும் அறிக்கையன்று, தேவன் மனிதனுக்குச் செய்யும் கிரியை என்பதே அதன் அடித்தளம். வெறும் தண்ணீர் எதையும் செய்வதில்லை. தண்ணீரோடு இணைந்த தேவவார்த்தையும் அவ்வார்த்தையை நம்பும் விசுவாசமுமே செய்கின்றன என்று 1529ஆம் ஆண்டின் சிறிய ஞானோபதேசம் விளக்குகிறது. விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, பெற்றுக்கொள்கிறது என்பது பெரிய ஞானோபதேசத்தின் தெளிவு. தன் விசுவாசத்தின் அளவை நாள்தோறும் சோதித்துச் சோர்ந்துபோகும் மனச்சாட்சிக்கு, தன்னால் ஆகாத ஒன்றின்மேல் ஊன்றி நிற்க இப்போதனை இடம் தருகிறது. பழைய மனிதன் மனந்திரும்புதலால் தினமும் அமிழ்ந்து சாகவேண்டும் என்றும் சிறிய ஞானோபதேசம் கேட்பதால், குழந்தைப் பருவத்தில் முடிந்துபோன சடங்காக அதைக் கருதவும் இடமில்லை.

இன்று தெளிப்பா முழுக்கா என்று நடக்கும் வாதங்கள் வருத்தம் தருபவை. குழந்தை ஞானஸ்நானத்தை உறுதியாகக் காத்த லுத்தரே, முழுக்குதலை விரும்பி 1520இல் எழுதியதோடு, 1526ஆம் ஆண்டின் ஞானஸ்நான முறைமையில் குழந்தையைத் தொட்டியில் அமிழ்த்தவும் சொன்னார். அதற்கு மாறாக, 1609இல் ஆம்ஸ்டர்டாமில் விசுவாசிகளுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று தொடங்கிய ஜான் ஸ்மித், தண்ணீர் ஊற்றியே கொடுத்தார்; ஆங்கிலப் பாப்டிஸ்டுகள் முழுக்கை விதியாக எழுதியது 1644ஆம் ஆண்டின் லண்டன் அறிக்கையில்தான். தண்ணீரின் அளவு முன்னோரைப் பிரித்த கேள்வியாக இருக்கவில்லை.

எவரையும் சுட்டுவது நோக்கமன்று. ஆயினும் தற்காலத்தார் சிலர் இம்மரபுகளின் வேறுபாட்டை அறியாமலே மறுஞானஸ்நானத்துக்கு அழைக்கிறார்கள் என்றும், மறுமொழி சொல்லவேண்டிய நம்மவரும் அறியாமலே வாயடைத்து நிற்கிறார்கள் என்றும் சொல்லாமலிருக்க முடியவில்லை. தரங்கம்பாடியில் 1707 மே 12 அன்று முதல் ஐவர் ஞானஸ்நானம் பெற்றது உபதேசம் கேட்டுத் தேறிய பின்னரே. அப்படித் தொடங்கிய மரபில் இன்று திடப்படுத்தல் வகுப்பு சில வாரங்களுக்குச் சுருங்கியிருக்கிறது, ஞானோபதேசத்தின் விளக்கங்கள் விடப்பட்டுத் தலைப்புகள் மட்டும் ஒப்புவிக்கப்படுகின்றன, ஞானஸ்நான ஆராதனை புகைப்படக்காரரின் வசதிக்கு நிறுத்தி நிறுத்தி நடத்தப்படுகிறது, விசுவாசப் பிரமாணத்தை முழுதும் சொல்லத் தெரியாதவர்கள் உறவுமுறைக்காகவும் அந்தஸ்துக்காகவும் ஞானப்பெற்றோராக நிறுத்தப்படுகிறார்கள். ஒரு குழந்தையின் சார்பில் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுப்பதாக வாக்களிப்பவர், அவ்வாக்கின் பொருளை ஒரு மாலைப்பொழுதாவது உட்கார்ந்து கேட்டறியாதிருப்பது சிறு குறையன்று. மூத்தோர் இதைக் கண்டிருந்தால் ஆராதனையையே ஒத்திவைத்திருப்பார்கள்.

சாக்சனியின் சபைகளைப் பார்வையிட்டு, மேய்ப்பர் பலருக்கே போதிக்கும் திறமில்லாமையைக் கண்டு கலங்கித்தான் லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதைக் கற்க மனமில்லாதவரைத் திருவிருந்துக்குச் சேர்க்கலாகாது, குழந்தைகளின் ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராகவும் ஏற்கலாகாது என்று அதன் முன்னுரையிலேயே அவர் விதித்திருக்கிறார்.