இழுத்துவிடும், நிற்குமா?

பிக்-அப் வைத்திருப்பவர்கள் என்றைக்காவது கேட்கிற கேள்விதான்: "பின்னால் பெரிய டிரெய்லரைக் கட்டினால் வண்டி இழுக்குமா?" இழுக்கும், சந்தேகமே வேண்டாம். கட்டிய பிறகு பிரேக் மிதித்தால் நிற்குமா, வளைவில் அடங்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அபிராமபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மீன்பிடிக்கப் போக ஃபைபர் படகு வாங்கி, அதற்கு இரண்டு ஆக்ஸில் டிரெய்லரும் செய்து வைத்திருக்கிறார். இழுக்கப் போவது அவருடைய இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் ஆட்டோமேட்டிக். அவர் மனைவியும் மகளும் அதே வண்டியில்தான் வருவார்கள் என்பதால், முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வண்டி இது. 1.9 லிட்டர் டீசல் இன்ஜின், 163 பிஎஸ் பவர், 360 நியூட்டன் மீட்டர் டார்க். 2000 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால், சிக்னலில் இருந்து கிளம்பும்போது பின்னால் ஒரு படகு வருகிறது என்பதே மறந்துபோகிறது. ஓட்டுபவரை ஏமாற்றுவது இந்தச் சுகம்தான். லேடர் சேஸி, பின்னால் லீஃப் ஸ்பிரிங், 5.3 மீட்டர் நீளம் என்று உடம்பு இழுவைக்குத் தோதானது. பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு நம்மவர்கள் சொல்லும் எண் 3,500 கிலோ. ஆஸ்திரேலியாவில் விற்கும் 3.0 லிட்டர் டி-மேக்ஸுக்கு அந்த எண் உண்மை. ஆனால் அது, தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு அங்கே அனுமதி 750 கிலோதான். டொயோட்டா ஹைலக்ஸுக்கும் இதே கதை. இன்ஜினும் சேஸியும் மாறாமல், பிரேக் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து எண் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நம் ஊர் வி-கிராஸின் இன்ஜினும் வேறு. உங்கள் மாடலுக்கு எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் தேடுங்கள்; இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த எண்தான் கடைசி எண். என் அனுபவம் அதற்கு மாற்று ஆகாது.

டிரெய்லர் செய்து கொடுத்த பட்டறைக்காரர், படகோடு சேர்த்து 1,200 கிலோ வரும் என்று சொல்லியிருந்தார். வேபிரிட்ஜில் ஏற்றினால் 1,680 கிலோ. அவுட்போர்டு மோட்டார், பெட்ரோல் டேங்க், நங்கூரம், ஐஸ் பெட்டி எதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. டிரெய்லர் வாங்கினால் முதல் வேலையாக எடை போடுங்கள். கையோடு இன்னொரு எடையும் எடுத்துவிடலாம். டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தி ஓர் எடை. வண்டியில் மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியின் கொக்கி மேல் உட்காரும் பாரம், அதாவது முன்பாரம்.

எங்களுக்கு அந்த வித்தியாசம் 60 கிலோதான் வந்தது. மோட்டார் படகின் கடைசியில் தொங்குவதால் எல்லா எடையும் பின்னால் போய்விட்டது. மாட்டுவண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்புமே, அதேதான். அந்த நிலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 50-ஐத் தாண்டியதும் வால் ஆட ஆரம்பித்தது. எதிரே வந்த பஸ்ஸின் காற்று அடித்ததும் இடமும் வலமுமாக ஆட்டம் கூடியது. அந்த நொடியில் பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் போகும்; மிதிக்கக் கூடாது. முன்னால் உள்ள வண்டி வேகம் குறைய, பின்னால் வரும் எடை அதைத் தள்ளி மடக்கிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். வேகம் இறங்க இறங்க ஆட்டம் அடங்கியது.

ஓரங்கட்டி, படகை டிரெய்லர் மேல் முன்னுக்கு நகர்த்தி, ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் முன்பக்கம் மாற்றிக் கட்டினோம். மறுபடி எடை போட்டதில் முன்பாரம் 150 கிலோவுக்கு வந்தது, மொத்தத்தில் ஏறக்குறைய 9 சதவீதம். அதன்பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் டிரெய்லர் கம்பி பிடித்தது போல நேராக வந்தது. ஆனால் ஒரு விஷயம். இந்த 150 கிலோவும் பிக்-அப் சுமக்கும் பாரம்தான். ஐந்து பேரும் ஏறி, பின்தொட்டியிலும் சாமான் போட்டால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையை வண்டி தாண்டிவிடும். பின்புறம் அமுங்கி முன்சக்கரம் லேசானால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பலம் இழக்கும். படகு போகும் நாளில் தொட்டி காலியாக இருக்கட்டும்.

பிரேக் கணக்கு இன்னும் முக்கியம். ஆட்களோடு பிக்-அப் சுமார் 2 டன், டிரெய்லர் 1.7 டன். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், 2 டன்னை நிறுத்தச் செய்த பிரேக் 3.7 டன்னை நிறுத்த வேண்டும். நிற்க எடுக்கும் தூரம் கிட்டத்தட்ட இரு மடங்கு. நண்பரின் டிரெய்லரில் முன் ஆக்ஸிலில் மட்டும் ஓவர்ரன் பிரேக் இருக்கிறது. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் வந்து கப்ளிங்கை அழுத்தும். அந்த அழுத்தம் கேபிளை இழுத்து டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். எளிமையான ஏற்பாடு, வேலை செய்கிறது. 40-ல் இருந்து பதற்றமில்லாமல் நின்றது. 60-ல் இருந்து நிறுத்தும்போது முதுகில் யாரோ தள்ளுவது போல ஓர் உதை. 80-ஐ நான் தொடவில்லை. 60-ல் இருப்பதைவிட 80-ல் வண்டியின் ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு, அவ்வளவையும் விழுங்க இந்த பிரேக்குகள் போதாது.

முட்டுக்காடு போய்ச் சேர்ந்ததும் டிரெய்லர் சக்கரங்களின் நடுமூடி ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. அந்த ஆக்ஸிலில் பிரேக்கே கிடையாது என்பதால் சூடு பேரிங்கில் இருந்துதான் வர வேண்டும். திறந்தால் கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது. உப்புத் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு இது வாடிக்கையான நோய். ஓட்டம் முடிந்ததும் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால், ஒருநாள் சக்கரம் கழன்று தனியாக ஓடும்.

நெடுஞ்சாலையைவிடத் தெருவில்தான் எனக்கு வியர்த்தது. பிக்-அப்பும் டிரெய்லரும் சேர்ந்தால் 12 மீட்டர். இருபுறமும் கார் நிற்கும் அபிராமபுரத்துத் தெருவில் இருந்து செயின்ட் மேரீஸ் சாலைக்குத் திரும்ப, எதிர்த் தடத்தையும் சேர்த்து வளைக்க வேண்டியிருக்கிறது. மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகப் போட்ட தடுப்புகளை நினைத்தே விடியும் முன் கிளம்பினோம். ரிவர்ஸ் எடுக்கும்போது அடுக்ககத்து வாட்ச்மேன் பின்னால் நின்று, "ரைட்ல ஒடிச்சு வாங்க சார்... வாங்க, வாங்க... ஓல்டான்!" என்று அன்போடு வழிகாட்டினார். காருக்கு அது சரி. டிரெய்லருக்கு ஸ்டீயரிங்கை ரைட்டில் ஒடித்தால் வால் லெஃப்டில் போகும். காலி மைதானத்தில் நன்றாகப் பழகிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது அடையாறு சிக்னல். வண்டி நின்றதும், பிக்-அப்புக்கும் படகுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்து ஒரு பெரியவர் சாலையைக் கடக்க நுழைந்தார். முழங்கால் உயரத்தில் இருக்கும் இணைப்புக் கம்பி அரை இருட்டில் அவர் கண்ணுக்குப் படவில்லை. நண்பர் சத்தம் போட்டு நிறுத்தினார். டூவீலர்காரர்களும் அந்த இடைவெளியைச் சந்தாகத்தான் பார்ப்பார்கள். தினமும் எத்தனையோ சின்ன லாரிகள் கான்கிரீட் மிக்ஸரை ஒற்றைப் பின்னில் மாட்டி, விளக்கும் இல்லாமல், பாதுகாப்புச் சங்கிலியும் இல்லாமல் இதே நகரில் இழுத்துப் போகின்றன. அது வழக்கம் என்பதற்காகச் சரியாகிவிடாது. கம்பியின் இருபக்கமும் ஒளிரும் பட்டை, குறுக்காகக் கட்டிய இரண்டு சங்கிலி, வேலை செய்யும் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் இல்லாமல் டிரெய்லரைச் சாலையில் இறக்காதீர்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவின்படி டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். டோ பார் பொருத்துவது 52-ஆவது பிரிவு சொல்லும் மாற்றத்தில் வருமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், விபத்து நேர்ந்தால் கிளெய்ம் நிற்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். டோ பாரைச் சேஸியில்தான் போல்ட் செய்ய வேண்டும், பம்பரில் அல்ல.

நிறுவனம் அனுமதிக்கும் எடைக்குள், பிரேக் உள்ள டிரெய்லரை, முன்பாரம் சரிபார்த்து, 60-க்குள் ஓட்டினால் சமதளச் சாலையில் வி-கிராஸை நம்பலாம். வழுக்கும் சரிவில் படகை ஏற்றி இறக்க 4எல் அருமையாக உதவுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் நாலு சக்கர டிரைவைப் போடாதீர்கள். இரண்டு டன்னைத் தாண்டும் படகையோ, பிரேக் இல்லாத ஜெனரேட்டர் டிரெய்லரையோ இதில் கட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். லாரி வாடகை அதைவிட மலிவு. நண்பருக்கு அடுத்து ஏற்காடு ஏரியில் படகை இறக்கும் ஆசை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஓவர்ரன் பிரேக் விடாமல் அழுத்திச் சூடேறும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். டிரெய்லர் இப்போது வேறொரு பட்டறையில் நிற்கிறது: நான்கு சக்கரங்களுக்கும் பிரேக், புதிய பேரிங், கம்பி முழுக்கச் சிவப்பு-வெள்ளைப் பட்டை. வெளியே வந்ததும் முதலில் போகப் போவது வேபிரிட்ஜுக்கு.