கவியின் தீர்ப்பும் எலும்பின் சாட்சியும்

பி.ஏ. வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தை நாம் பயின்ற நாளில், அவ்வரசன் கொடியவன் என்பதில் நமக்கு ஐயம் எழுந்ததே இல்லை. கூனல் முதுகு, சூம்பிய கை, நொண்டும் கால், நெஞ்சு நிறைய நஞ்சு. தேர்வில் எழுதுவதற்கும் இவை எளியனவாக இருந்தன. அண்மையில் நம் மகள் பள்ளி நூலில் அக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "அப்பா, இந்த ராஜா நிஜமாகவே இப்படித்தான் இருந்தானா?" என்று வினவினாள். 'ஆம்' என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நாடகத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். 1592-93 அளவில் எழுந்ததாகக் கருதப்படும் இந்நாடகம், தீயவனைக் கொண்டே அவையோரைக் கவரும் அரிய ஆற்றல் உடையது. ரிச்சர்டு தனியே மேடையில் தோன்றித் தன் சூழ்ச்சிகளை நம்மிடமே சொல்லுகிறான்; கேட்கக் கேட்க நாமும் அவனுக்கு உடந்தையாகிவிடுகிறோம். ஆறாம் ஹென்றியின் பிணப்பெட்டி அருகிலேயே ஆன் சீமாட்டியை அவன் சொல்லால் வெல்லும் காட்சியும், போர்க்களத்து முன்னிரவில் மாண்டோரின் ஆவிகள் அவனைச் சூழும் காட்சியும், ஒருமுறை படித்தவர் நெஞ்சை விட்டு அகலா.

ஆயினும் கவி தம் கலைக்காக வரலாற்றை வளைத்த இடங்கள் பல. தமையன் கிளாரன்சைச் சதியால் கொல்வித்தவன் ரிச்சர்டு என்கிறது நாடகம். 1478இல் கிளாரன்சு மாண்டதோ நான்காம் எட்வர்டு மன்னனின் ஆட்சியில், இராசத் துரோகக் குற்றத் தீர்ப்பின்படி. இதற்கு முன் எழுந்த 'ஆறாம் ஹென்றி' நாடக வரிசையில், செயின்ட் ஆல்பன்சு போரில் சாமர்செட் கோமானை வெட்டி வீழ்த்துபவனும் ரிச்சர்டே. அப்போர் நிகழ்ந்த ஆண்டு 1455. ரிச்சர்டு பாதரிங்கே கோட்டையில் பிறந்தது 1452 அக்டோபரில். மூன்று வயதும் நிரம்பாத மழலையின் கையில் வாளைக் கொடுத்துவிட்டார் மகாகவி!

இதற்கெல்லாம் கவியை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அவருக்குக் கிடைத்த ஏடுகள் வென்றவர் பக்கத்து ஏடுகள். பாசுவொர்த் களத்தில் 1485 ஆகஸ்டு 22 அன்று ரிச்சர்டை வீழ்த்தி அரியணை ஏறியவன் ஏழாம் ஹென்றி. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஆண்ட எலிசபெத்து அரசி அவனுடைய பேத்தி. அரசனின் கோர உருவத்தை வருணித்த தாமஸ் மோர், அப்போர் நிகழ்ந்தபோது ஏழு வயதுச் சிறுவர். அவர் எழுதியது ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலுக்குள் புகுந்து, அங்கிருந்து மேடை ஏறியது.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் மறுப்பார் சிலரே இருந்த அத்தீர்ப்புக்கு எதிராகச் சாட்சி சொன்னது மண். லெஸ்டர் நகரத்துத் துறவியர் மடம் ஒன்றில் புதைக்கப்பட்ட அவ்வரசனின் கல்லறை, 1538இல் மடம் கலைக்கப்பட்ட பின் மறக்கப்பட்டது. எலும்புகளை ஆற்றில் எறிந்துவிட்டனர் என்ற பேச்சும் இருந்தது. 2012இல் அந்நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றைத் தோண்டியபோது அவனுடைய எலும்புக்கூடு வெளிப்பட்டது. குழி நீளம் போதாமல் தலை சாய்ந்து கிடந்தது. தமக்கை ஆனின் பெண்வழி வந்தோரின் மரபணுவோடு ஒப்பிட்டு, அவனே என்று 2013 பிப்ரவரியில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. ஒரு தோள் சற்றே உயர்ந்திருக்கும். ஆனால் கூனல் இல்லை. சூம்பிய கையும் இல்லை. மண்டையில் மட்டும் ஒன்பது காயங்கள்! அவன் போரிட்டே மடிந்தான் என்பதைப் பகைவரும் மறுத்ததில்லை. 2015 மார்ச்சு 26 அன்று லெஸ்டர் பேராலயத்தில் அவ்வெலும்புகள் உரிய மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

இதனால் அவன் குற்றமற்றவன் என்று ஆகிவிடுமா? ஆகாது. அண்ணன் மக்கள் இருவர், பன்னிரண்டு வயதும் ஒன்பது வயதுமான பாலகர், 1483இல் லண்டன் கோபுரக் கோட்டைக்குள் சென்றவர் மீண்டும் வெளிவரவில்லை. காவல் பொறுப்பு அவனுடையது. மகுடம் சூடியவனும் அவனே. அக்கேள்விக்கு எலும்பு விடை சொல்லாது. முதுகு நேரானதால் நெஞ்சும் நேரானது என்று வாதிடுவது, முதுகு கோணியதால் நெஞ்சும் கோணியது என்ற பழைய பிழையையே திருப்பிப் போட்டதாகும்.

எனினும், அவன் கூட்டிய ஒரே நாடாளுமன்றத்தில், 1484இல், குற்றம் சாட்டப்பட்டவரைப் பிணையில் விடவும், தீர்ப்புக்கு முன் அவர் உடைமையைப் பறிக்காதிருக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. தீர்ப்புக்கு முன் தண்டனை கூடாது என்றவனுக்கே அந்த நீதி கிட்டாமல் போயிற்று. இன்னொரு சான்று நம்மைப் போன்ற எழுத்தர்க்கு உரியது. பாசுவொர்த் போருக்கு மறுநாள், யார்க்கு நகர மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில், தங்கள் அரசன் கொல்லப்பட்டான் என்றும், அதனால் நகரம் பெருந்துயர் உற்றது என்றும் எழுதப்பட்டது. வீழ்ந்தவனுக்காக இரங்குவது ஆபத்தான நாளில், எவரோ ஓர் எழுத்தரின் கை அந்த வரியைப் பதிந்தது. மகாகவியின் ஐந்து அங்கங்களுக்கு எதிரே அச்சிறு பதிவும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அலுவலகத்தில் நமக்கு ஒரு விதி உண்டு: ஊழியர் ஒருவரைப் பற்றிப் பாதகமான குறிப்பு எழுதினால், அதை அவருக்குத் தெரிவித்து, அவருடைய விளக்கத்தையும் பெற வேண்டும். இலக்கியத்துக்கு அத்தகைய விதி இல்லை, இருக்கவும் இயலாது. ஆகவே அந்தக் கடமை படிப்போரைச் சேருகிறது. கவி அழகாகச் சொன்னார் என்பதற்காக அவர் சொன்னதனைத்தும் நடந்தது என்று கொள்ளலாகாது. நடக்காததைச் சொன்னார் என்பதற்காக அவர் கலையைத் தள்ளவும் ஆகாது.

மகளிடம் இறுதியில் இவ்வாறே சொன்னோம்: "நாடகத்தை ரசித்துப் படி அம்மா. ஆனால் அந்த ராஜாவைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்கு முன், அந்தப் பக்கத்துக் காகிதத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்." அவள் தலையசைத்தாள். இருபதாண்டுகளுக்கு முன் தேர்வுத்தாளில் நாம் தயங்காமல் எழுதிய விடைதான் அப்போது நம் நினைவுக்கு வந்தது.