தாச்சிக் கித்தாரும் அதன் வரலாற்றாசிரியரும்

நாவலப்பிட்டியில் உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணவனொருவன் அண்மையில் என்னிடம் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். சிறிய வட்ட உடல். அதிலிருந்து நீளும் கழுத்து. இரண்டும் ஒன்றாய் வார்க்கப்பட்ட அலுமினியம். "சேர், இது சமைக்கிறதுக்கா, வாசிக்கிறதுக்கா?" என்று கேட்டான். கேள்வியிற் பிழையில்லை. அது பிறந்த நாட்டிலேயே அதற்குத் 'தாச்சி' என்று பொருள்படும் பட்டப்பெயர்தான் நிலைத்தது. 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் விற்பனைக்கு வந்த மின் கித்தார் அது. இன்று உலகெங்கும் ஒலிக்கும் மின் கித்தார்களுக்கெல்லாம் முன்னோடி. மடியிற் கிடத்தி, இரும்புக் கட்டையொன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறைக் கருவி.

அதன் வரலாற்றை அறிய விரும்பிய மாணவனுக்கு என்ன கொடுப்பது? அபூர்வக் கருவிகளைச் சேகரிப்போருக்கென எழுதப்படும் நூல்களும் கட்டுரைகளும் உண்டு. அவற்றைப் படித்துப் பார்த்தேன். கம்பியின் நீளம் இருபத்திரண்டரை அங்குலமா, இருபத்தைந்து அங்குலமா. தொடர் இலக்கம் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. திருகாணி மூலத்தினதா, பிற்காலத்ததா. இன்று ஏலத்தில் என்ன விலை பெறும்: இவையெல்லாம் வியக்கத்தக்க நுணுக்கத்துடன் எழுதப்பட்டுள்ளன. அந்த உழைப்பை நான் இகழவில்லை. அவர்கள் காத்திராவிடில் பல கருவிகள் பழைய இரும்புக் கடைக்கே போயிருக்கும். ஆயினும் இவ்வரலாறுகளிற் பெரும்பாலானவற்றில் ஒரு கருவி தொழிற்சாலை வாயிலிற் பிறந்து கண்ணாடிப் பேழையில் முடிகின்றது. இடையில் அதனை மடியில் வைத்திருந்த மனிதர்கள் விலைக்குப் பெருமை சேர்க்கும் அளவுக்கே தோன்றி மறைகின்றார்கள். தொழிற்சாலைக்கு முன்னர் என்ன நடந்தது என்ற கேள்வி எழுவதேயில்லை.

முதலில் தொழிற்சாலையையே பார்ப்போம். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கித்தார் வாசிப்பவன் பாவப்பட்டவன். நடனசாலையில் எக்காளமும் மத்தளமும் முழங்கும்போது அவன் விரல்கள் அசைவது தெரியும், ஓசை கேட்காது. மேடைக் கலைஞராகவும் ஹவாய்க் கித்தார் வாசிப்பவராகவும் இருந்த ஜோர்ஜ் பீச்சம் இக்குறையைத் தம் பிழைப்பிலேயே உணர்ந்தவர். 1920களின் இறுதியில், ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய டோப்பியேரா சகோதரர்களுடன் சேர்ந்து, உலோகக் கூம்புகள் பொருத்திய கித்தாரைச் செய்வித்தார். அதன் உடலுக்கான தகட்டை அழுத்தி வடித்துக் கொடுத்தவர் அடொல்ப் ரிக்கன்பேக்கர், சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒரு பட்டறைக்காரர். கூம்பும் போதவில்லை. எனவே பீச்சம் மின்சாரத்தை நாடினார்.

தத்துவம் எளிது. காந்தப் புலத்தில் உருக்குக் கம்பி அதிர்ந்தால், அருகிலுள்ள செப்புச் சுருளில் அதே அதிர்வுடன் மின்னோட்டம் தூண்டப்படும். பரடே 1831இற் கண்டறிந்த உண்மைதான் இது. பீச்சம் இரண்டு குதிரைலாடக் காந்தங்களை எதிரெதிரே வைத்துக் கம்பிகள் அவற்றினூடே செல்லும்படி அமைத்தார். 1931இல் மேப்பிள் மரத்தாலான மாதிரி. மறு ஆண்டு அலுமினிய வார்ப்பு. ஓசையைப் பெருக்கும் பொள்ளுடல் இனித் தேவையில்லை. வெறும் சட்டம் போதும். அதனாலேயே கித்தார் தாச்சியாயிற்று. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி நழுவியதால், பின்னர் பேக்லைற் உடலும் வந்தது.

பொருளாதார நெருக்கடியின் மிகக் கொடிய ஆண்டுகளுள் ஒன்று 1932. வேலையற்றோர் வரிசையில் நிற்கும் நாட்டிலே மின் கித்தாரை யார் வாங்குவார்? விற்பனை மந்தமாயிருந்தது. 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 ஆகஸ்டிலேதான் பீச்சத்தின் பெயரில் வழங்கப்பட்டது. கருவி உண்மையில் ஒலிக்குமா என அலுவலர் ஐயுற்றபோது, அவர்கள் முன் வாசித்துக் காட்ட அனுப்பப்பட்டவர்களுள் சொல் ஹோபீ என்னும் ஹவாய்க் கலைஞரும் ஒருவர் என்பர். இங்கே சற்று நிற்க வேண்டும். கருவி ஒலிக்கும் என்பதற்குச் சாட்சி ஹவாய்க்காரனின் கை. உரிமைப் பத்திரத்திலோ அந்தக் கைக்கு இடமில்லை.

அந்தக் கை எங்கிருந்து வந்தது?

நாவலப்பிட்டிக்கு இருப்புப்பாதை வந்தது 1874ஆம் ஆண்டில். அதே ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் லாயியே என்னும் ஊரிற் பிறந்தவர் ஜோசப் கெக்கூக்கு. சிறுவயதில் தண்டவாளத்தின் ஓரமாகக் கித்தாருடன் நடந்தபோது, கீழே கிடந்த இரும்பு ஆணியொன்று கம்பியில் உரசி எழுப்பிய நாதமே தம்மை அந்த முறைக்கு இட்டுச்சென்றது என்று அவர் கூறியதாகச் சொல்வர். பள்ளிப் பட்டறையில் அவர் அதற்கெனவே உருக்குக் கட்டையொன்றைச் செய்துகொண்டார். ஆண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. முறையை நிலைநாட்டியவர் அவரே என்பதிற் பெரும்பாலார் உடன்படுகின்றனர்.

மலையக வாசகன் கவனிக்க வேண்டியது அந்தத் தீவுகளின் வாழ்க்கையை. அது கரும்புத் தோட்ட நாடு. சீனத்திலிருந்தும், 1885 முதல் அரசு ஒப்பந்தப்படி யப்பானிலிருந்தும் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1879இல் போர்த்துக்கேயரின் மடேய்ராத் தீவிலிருந்து வந்த தொழிலாளர் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவியே ஹவாயில் உக்குலேலேயாக மாறியது. கித்தாரோ அதற்கு முன்பே, 1830களில், மாடு மேய்க்க அழைக்கப்பட்ட மெக்சிக்கர்களுடன் வந்திருந்தது. தோட்ட முதலாளிகள் 1893இல் அந்நாட்டின் அரசியை வீழ்த்தினர். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நாடு போயிற்று; பாட்டு மட்டும் விற்பனைக்கு வந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்காவெங்கும் ஹவாய் இசைத்தட்டுகள் குவிந்து விற்றன. அந்தச் சந்தை இல்லாவிடில் பீச்சத்தின் பிழைப்பும் இல்லை, தாச்சியும் இல்லை. கெக்கூக்கு 1932 சனவரியில் நியூ ஜெர்சியிற் காலமானார். மின் கித்தார் கடைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் இன்னொரு வகைப் பெருமைக்கு இறங்குவதுண்டு. கம்பியில் மரக்கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் இருந்தது. திருவிடைமருதூர் சகாராம ராவும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதனைப் பெருங்கலையாக்கினர். இந்தியாவிற் பிறந்து, கப்பற்காரனாற் கடத்தப்பட்டு ஹவாய் சென்றவர் எனப்படும் கபிரியேல் டேவியன் 1880களிலேயே அங்கு வழுக்கி வாசித்தார் என்ற குறிப்பும் உண்டு. ஆகவே ஹவாய்க் கித்தார் நமதே என்று முடிக்கின்றனர். ஒற்றுமை வேறு, வம்சாவளி வேறு. டேவியன் கோட்டுவாத்தியத்தைக் கண்டிருந்தார் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தக் குறிப்பில் என் மனத்தைத் தொடுவது வேறொன்று: கடத்திச் செல்லப்பட்ட ஒருவன், அந்நியத் தீவில், கையிற் கிடைத்த கருவியில் வாசித்திருக்கிறான். சேகரிப்போர் மறந்த அம்மனிதனைத் தேசியப் பெருமைக்காரர் நினைவு கூர்வதும் கொடி பிடிப்பதற்காகவே.

அக்கருவி இந்தியாவுக்கு வந்த வழி தெளிவானது. கெக்கூக்குவின் லாயியேயிலேயே வளர்ந்த டாவ் மோ என்பவர் 1920களின் இறுதியிற் குடும்பத்துடன் ஊர் ஊராய்ப் புறப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். அந்நகரில் கார்னி நிஸ் குழு நடத்தினார். பின்னர் கவிஞர் நஸ்ருலின் மகன் காசி அனிருத்தரும், சுனில் கங்குலியும் வங்காள நடுத்தர வீடுகளுக்குள் ஹவாய்க் கித்தாரைக் கொண்டுசென்றனர். இலக்னோவைச் சேர்ந்த வான் ஷிப்லி எட்டுக் கம்பி மின் கித்தாரொன்றைத் தாமே வடிவமைத்துத் திரைப்பட மெட்டுகளை இசைத்தட்டில் வாசித்தார். தூய சங்கீதத்தைக் காப்பதாகக் கூறி அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியது. 1952க்குப் பின் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டையும் ஒடுக்கினார். அப்போது இந்திய மக்கள் முள்ளைத் திருப்பியது ரேடியோ சிலோன் பக்கமே. தடைசெய்த கனவான்கள் இதனை எதிர்பார்த்திரார்!

மின்கருவி மேலான இசைக்கு ஒவ்வாது என்ற வாதத்தைத் தமிழ்நாட்டில் முறியடித்தவர் ஒரு சிறுவன். 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் எளிய குடும்பத்திற் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், இரட்டைக் கம்பி மண்டலினை ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மண்டலினாக்கிக் கமகத்தை அதில் வரவழைத்தார். அவருக்குக் கற்பித்த ஆசிரியருக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடினார், சிறுவன் விரலிற் பிடித்தான். சென்னையில் முதலில் முகஞ்சுளித்த விமரிசகர்கள் பின்னர் மௌனமாயினர். 2014இல் அவர் இறந்தபோது எவரும் அக்கருவியின் சாதியை விசாரிக்கவில்லை. இங்கே, ஹப்புத்தளையிற் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவுடன் மின் கித்தாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொணர்ந்தபோதும் முணுமுணுப்பு எழாமலில்லை.

ஆனால் மின்கருவி எல்லார்க்கும் பொது என்று நான் சொல்லிவிட மாட்டேன். கெசல்கமு ஓயாவை நோட்டன் பிரிஜ்ஜில் மறித்து, லக்சபானவில் 1950 முதல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த நீர் எங்கள் தேயிலை மலைகளின் நீர். கம்பிகளோ லயங்களின் மேலாகவே கொழும்புக்குச் சென்றன. பல லயக் காம்பிராக்களிற் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. குடியுரிமை 1948இற் பறிக்கப்பட்ட மக்களுக்கு வெளிச்சம் யார் கொடுப்பார்? காமன் கூத்துக்குத் தப்பைத் தீயில் வாட்டிச் சுருதியேற்றினார்கள். கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை தோட்டந்தோட்டமாகப் பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதுவும் சேகரிப்புத்தான். ஆனால் பாடலை அவர் பாடியவர்களிடமிருந்து பிரித்தெடுக்கவில்லை; தேயிலைக் கொழுந்தும் கங்காணியும் அதனுடனேயே வந்தன. கருவி வரலாறு எழுதுவோரிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவே. தொடர் இலக்கத்தை எழுதுங்கள். அதே பக்கத்தில் கூலிக் கப்பலின் ஆண்டையும் எழுதுங்கள்.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அவன் மனம் சுருளிலும் காந்தத்திலும் நின்றது. இரண்டு வாரங்களின் பின் ஒரு பலகையுடன் வந்தான். பழுதான வானொலிப் பெட்டியின் உருமாற்றிச் சுருள், உடைந்த ஒலிபெருக்கியின் காந்தம், இறுக்கிக் கட்டிய ஒரே ஒரு உருக்குக் கம்பி. கோயிற் திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் ஒருவரிடம் இரவல் வாங்கிய பெருக்கியில் இணைத்தான். முதலில் வெறும் இரைச்சல். காந்தத்தைச் சிறிது நகர்த்தினான்.

"தம்பி, கட்டைக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய இரும்பு ஆணியை எடுத்தான். புகையிரத நிலையத்தருகே கிடந்ததாம். அதனைக் கம்பியின்மேல் வைத்து மெல்ல இழுத்தான்.