முறை வைத்து ஒரு சண்டை

லாரல் - ஹார்டியின் மௌனப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1929இல் வந்த ‘பிக் பிசினஸ்’. கலிஃபோர்னியா வெயிலில் இருவரும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஒரு வீட்டில் ஜேம்ஸ் ஃபின்லேசன், வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக, வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார். மரக்கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான், வினை ஆரம்பம். ஆனால் பதற்றமே இல்லை. இவர்கள் அவர் வீட்டில் ஒன்றைப் பெயர்க்கும்வரை அவர் நின்று பார்க்கிறார். பிறகு அவர் வந்து இவர்கள் காரில் ஒன்றைப் பிடுங்குகிறார், இவர்கள் நின்று பார்க்கிறார்கள். பந்தியில் அடுத்த பதார்த்தத்துக்குக் காத்திருப்பவர்களின் பொறுமை! கடைசியில் வீடும் கந்தல், காரும் கந்தல். லாரல் ஜன்னல் வழியே ஜாடிகளை வீச, ஹார்டி மண்வெட்டியால் அடித்து நொறுக்குவது கிட்டத்தட்ட கிரிக்கெட்.

நொறுங்கும் சத்தம் படத்தில் கிடையாது; நம் காதுதான் அதைப் போட்டுக்கொள்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, அடி விழுந்த பின் வரும் இடைவெளி. லாரலின் கண்கள் மெல்லச் சிமிட்டும்; நடந்தது மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும். ஹார்டியோ நேராகக் கேமராவைப் பார்த்து, ‘இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்று நம்மிடமே முறையிடுவதுபோல நிற்பார். அத்தனை பெரிய உடம்பில் எவ்வளவு நளினமான விரல்கள்! படம் மொத்தம் 20 நிமிடம்கூட இல்லை. பின்னணி இசையை மட்டும் கொஞ்சம் குறைத்துவைத்துப் பாருங்கள்.