பெயரும் பண்பும்

சொல்லுக்குச் சொல் இருந்தும் பொருள் வழுவுவதை, உடுவிலில் பணிபுரிந்த மிரோன் வின்சிலோ 1862இல் வெளியிட்ட தமிழ் – ஆங்கில அகராதி முதலாக எவ்வகராதியைப் பயில்வோரும் அறிவர். கணினியுலகிலும் இச்சிக்கல் உண்டு.

இரு நிரல்களிடையே தரவைக் கடத்தும் ‘பெயரிட்ட குழாய்’ யுனிக்ஸில் ஒரு கோப்பாகவே விளங்குகிறது. எழுதும் நிரல் திறக்கும்வரை படிக்கும் நிரல் காத்திருக்கும். விண்டோஸில் அப்பெயருடைய குழாயோ கோப்புறைகளுக்குப் புறம்பான தனிவெளியில் தோன்றி, பயன்படுத்துவோர் யாவரும் நீங்கியதும் மறைகிறது. எழுதியதையெல்லாம் விழுங்கும் யுனிக்ஸின் வெற்றுக்கோப்புக்கு விண்டோஸில் நிகர் உண்டு, குழாய்க்கு இல்லை.

1995இல் தொடங்கிய சிக்வின் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. அது ஆக்கும் குழாய் சிக்வின் நிரல்களுக்கே குழாய். ஏனைய விண்டோஸ் நிரல்களுக்கு வெறுங்கோப்பு. மைக்ரோசொப்ட் 2019இல் அறிவித்த இரண்டாவது லினக்ஸ் துணையமைப்போ, மெய்யான லினக்ஸ் கருவையே மெய்நிகர் இயந்திரத்துள் அமர்த்தியது.

பின்னது வழுவற்றது என்பர் பலர். ஆயின் அது மொழிபெயர்ப்பன்று. மூலத்தையே கொணர்ந்து வைத்தலாகும். சிக்வினின் வழுக்கள் மொழிபெயர்ப்பாளன் வழுக்கள். அவ்வகையில் அதுவே நம் ஆய்வுக்கு உரியது. எங்கே பண்பு பெயராது நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுவது அதுவேயாகும்.