லேத் சரி, பாதம்தான் கோளாறு

பல நிறங்களில், பல பெயர்களில் சீனாவிலிருந்து வந்திறங்கும் '7க்கு 14' மினி லேத்தின் கணக்குகள் ஊரறிந்தவை. 7 அங்குல ஸ்விங், சென்டருக்கு சென்டர் 14 அங்குலம், எடை சுமார் 40 கிலோ. வீட்டு பிளக்கிலேயே ஓடும். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் சக்கைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள். லேத்தைப் படுக்கவைத்து அடியில் பார்ப்பவர் குறைவு. அங்கே இருப்பவை நான்கு ரப்பர் பாதங்கள்.

மிக்ஸிக்கு வைக்க வேண்டியதை லேத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

சில வாரங்கள் ஓட்டியதில் மற்றக் குறைகளெல்லாம் இதன் முன் சிறுத்துப்போயின. பார்ட்டிங் டூல் இரும்பைத் தொட்டதும் ஒரே கீச்சொலி. கடைந்த பரப்பில் வரிவரியாக அலை. பாதங்களைக் கழற்றி, 50 மி.மீ. சதுரக் குழாயில் வெல்டிங் செய்த ஸ்டாண்டில், இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டிய பலகை மேல் லேத்தை போல்ட் போட்டு இறுக்கியதும், அதே டூல், அதே வேகத்தில் பெருமளவு அடங்கிவிட்டது. குழாய்க்குள் காய்ந்த மணலைக் கொட்டி வாயை அடைத்தது இன்னும் நல்ல பலன் தந்தது.

இறுக்கியதில் வேறொரு வம்பும் வந்தது. வெல்டிங் சூட்டில் ஸ்டாண்ட் துளி முறுக்கிக்கொண்டால், போல்ட்டை இறுக்க இறுக்க லேத்தின் பெட்டும் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கடைசல் நேராக வராது. கண்டுபிடிக்க வழி எளிது: 25 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்கள் விட்டு நடுவைக் குறைத்துவிட வேண்டும். பிறகு டூலின் வெட்டு ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் மெல்லிசாக ஒரே ஓட்டில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இந்த லேத்தில் வெளி முனை 0.06 மி.மீ. தடிமனாக இருந்தது. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் ஷிம் வைத்தால் பெட் பின்னால் சாயும், டூல் கம்பியை நெருங்கும். குளிர்பானக் கேனின் தகடு சுமார் 0.1 மி.மீ.; கத்தரித்துச் செருகியதும் வித்தியாசம் 0.01க்கு இறங்கியது.

இங்கிலாந்தில் பீஸ்டனில் இருந்த மைஃபோர்டு, 1946இல் எம்எல்7 லேத்தைக் கொண்டுவந்த கம்பெனி. பெட்டைத் திருகி மட்டம் பார்க்கும் உயர்த்துக் கட்டைகளையும் அதற்கென்று விற்றது. அந்த அக்கறையில் கால்வாசிகூட இந்த மினி லேத்தின் கையேட்டில் இல்லை.

ஸ்டாண்டுக்குப் பதில் சமையல் மேடைபோல் செங்கல் கட்டி, மேலே கடப்பைக் கல் போடுகிறவர்களும் உண்டு. கனம் நல்லது, மழைக்காலத்துப் பலகைபோல் உப்பாது. ஆனால் துளை போடும்போது கல் விரிசல் விட்டால் அதோடு போச்சு. எதைக் கட்டினாலும் சக்கின் மையம் முழங்கை உயரத்துக்கு வரட்டும். அதற்குக் கீழே போனால் இடுப்பு பேசும்.

கடைசியாக ஒரு எரிச்சல். பிடிக்கும் போல்ட்டுகள் அடியிலிருந்து மேலே ஏறுகின்றன. ஷிம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பலகைக்குக் கீழே படுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாண்ட் அடிக்கிறவர்கள் அந்த இடத்தில் இழுப்பறை வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, 10 மி.மீ. ஸ்பேனர் சுழல வழி விடலாம்.